30 வருசமா என்ன தண்ணி குடிச்சனீங்கள் எண்டு கேட்டு மாட்டுப்பட்டு நிக்கிறன், ரிஸ்க் ஃபாக்டர் (ஆபத்துக் காரணி) அளந்து பழகின ஆக்கள் இருந்தா வாங்கோ

கனகராயன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மாஸ்டர்ஸ் செய்யிறன், தலைப்பு கிட்னி வருத்தம். சுகரும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் வயல் செய்யிற சனத்துக்கு வருமே, காரணம் இன்னும் சரியாப் பிடிபடாத அந்த வருத்தம். 90களில அனுராதபுர மாவட்டத்தில மதவாச்சி, பதவியாப் பக்கம் கண்டுபிடிச்சது. மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் எவ்வளவு தூரம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பஸ் ஏறிக் கண்ணை மூட முதல் வந்திடும். மாவட்ட எல்லை நிலத்துக்குக் கீழ ஓடுற தண்ணிக்குத் தெரியாது எண்டு நினைச்சு நான் வவுனியா வடக்கில நெடுங்கேணிப் பக்கம் சில கிராமம் எடுத்தன், வருத்தக்காரரைக் கிளினிக்கில தேடி எடுத்தது.

கேள்விக்கொத்து நானா எழுதினதில்லை, வேற மாவட்டத்தில ஏற்கனவே செய்த ஒண்டைத் தமிழில மாத்தி எடுத்தது. அதில 14வது கேள்வி, "கடந்த 30 வருசத்தில நீங்கள் பிரதானமாகக் குடித்த நீர் எது?" கீழ நாலு பெட்டி, ஒண்டில புள்ளடி போடோணும். முதல் வீட்டில ஒரு அம்மம்மா, அடுப்படித் திண்ணையில இருந்து பாக்கு வெட்டிக்கொண்டு கேட்டவ, வெட்டுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. "எந்த ஊரில தம்பி?" எண்டா. பிறகு விரலை மடக்கத் துவங்கினா. வளவுக் கிணறு, ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கையோட ஒட்டுசுட்டானில தங்கச்சி வீட்டுக் கிணறு, அங்கால புதுக்குடியிருப்பில ஒரு பொதுக்கிணறு, சமாதானத்துக்குத் திரும்பி வந்து பழையபடி வளவுக் கிணறு, பிறகு 2008, பிறகு மெனிக்பாம் முகாமில பவுசர் தண்ணி, திரும்பி வந்து பாத்தா கிணறு தூர்ந்துபோய் கிடந்ததாம் அதால பக்கத்துக் குழாய்க்கிணறு, இப்ப ஆர்ஓ கேன் (மெசினில சுத்திகரிச்ச தண்ணி). ஒரு கை காணாமல் மற்றக் கைக்குப் போயிட்டா. நான் "வேறு" எண்ட பெட்டியில புள்ளடி போட்டிட்டு வந்தன். அண்டைக்குப் பின்னேரம் எண்ணிப் பாத்தா முக்கால்வாசி வீடு "வேறு".

சரி எண்டு எல்லாத்தையும் ஏத்தி லோஜிஸ்டிக் ரிக்ரெஷன் (எது வருத்தத்தோட சேர்ந்து வருது எண்டு பாக்கிற புள்ளிவிபர மொடல்) ஓட விட்டன். கிணத்துத் தண்ணிக்கு ஒண்டுமே வரேல்லை, தட்டையாக் கிடக்குது. ஆனா இப்ப என்ன தண்ணி குடிக்கிறீங்கள் எண்ட கேள்விக்கு ஆர்ஓ எண்டு சொன்ன ஆக்களுக்கு ஒட்ஸ் ரேஷியோ 3ஐத் தாண்டி நிக்குது, பீ வெலியூவும் (தற்செயலா இப்பிடி வாறது எவ்வளவு அருமை எண்ட இலக்கம்) சோக்கா இருக்கு. சுத்திகரிச்ச தண்ணி குடிச்சா கிட்னி பழுதாகுமோ?? இதை எழுதினா ஊரில என்னைக் கல்லால எறிவாங்கள். அதோட 3 எண்டு வந்தா "மூண்டு மடங்கு ஆபத்து" எண்டு எழுதலாமோ எண்டும் ஒருக்காச் சொல்லுங்கோ.

இன்னொரு குழப்பம், என்ர ரூம் மேட் ஃபைனான்ஸ் படிக்கிறான், அவனும் ரிஸ்க் ஃபாக்டர் எண்டுதான் சொல்லுறான், அவன்ர புத்தகத்தில அது வேற என்னவோ. மச்சான் ஒருத்தர் நீர்ப்பாசனத்தில, அவர் சொல்லுறது இன்னொண்டு. எல்லாம் ஒரே சாமானோ இல்லாட்டி பேர் மட்டும்தான் ஒண்டோ?


பழைய பீஎச்ஐ:

தம்பி, நான் வன்னியில பீஎச்ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இருந்து பென்சன் எடுத்தவன், புள்ளிவிபரம் எல்லாம் பிறகு வாறவை சொல்லட்டும், எனக்குத் தெரிஞ்சது வீட்டுக்குப் போய்க் கேக்கிற வேலை.

உம்மட கேள்வி ஒரே வளவில பிறந்து ஒரே வளவில கிழடாகிற சனத்துக்கு எழுதினது. இஞ்ச அதைத் தூக்கிக்கொண்டு வந்தா அம்மம்மா சிரிக்காமல் என்ன செய்வா. எங்கட சனத்திட்ட வருசத்தைக் கேக்கக் கூடாது, இடத்தைக் கேக்கோணும். ஒரு நீட்டுக் கடுதாசி எடும், நடுவால ஒரு கோடு இழும், அதில எல்லாருக்கும் தெரிஞ்ச நாளுகளை முதலே குறிச்சு வையும். 95 ஐப்பசி யாழ்ப்பாண இடப்பெயர்வு, 97 வைகாசி ஜெயசிக்குறு, 2002 மாசி சமாதானம், 2004 மார்கழி சுனாமி, 2006 ஆவணி ஏ9 பாதை பூட்டினது, 2009 வைகாசி, பிறகு அவை அவை மீள்குடியேறின மாசம். அதுக்கிடையில அவையின்ர சொந்த விசயத்தைப் போடும், கலியாணம், மூத்த பிள்ளை பிறந்தது, தகப்பன் செத்தது. பேந்து ஒவ்வொரு துண்டுக்கும் "அப்ப எங்க இருந்தனீங்கள், எந்தக் கிணறு" எண்டு கேளும். சனம் மறக்கேல்லை தம்பி, நாங்கள் கேக்கிற மாதிரித்தான் பிழை. வெளிநாட்டிலயும் இப்பிடி வாழ்க்கை நாட்காட்டி வச்சுத்தான் கேக்கிறவையாம், நான் அதைப் படிச்சுத் தெரிஞ்சுகொள்ளேல்லை, காணிப் பிரச்சினைக்கு சாட்சி கேக்கிற விதானைமாரிட்டப் பழகினது.

அடுத்தது, அந்தக் கிணறு இப்ப இல்லை, எப்பிடி அளக்கிறது எண்டு யோசிப்பீர். தண்ணியின்ர கடினத்தைப் பொம்பிளையளிட்டக் கேளும். "அந்தத் தண்ணியில பருப்பு கெதியா அவிஞ்சுதோ? சவுக்காரம் நுரைச்சுதோ? கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சுதோ?" கடினத் தண்ணியில பருப்பு கல்லு மாதிரி நிக்கும், சவுக்காரம் தயிராத் திரையும். இருபது வருசத்துக்கு முந்தி சமைச்ச பருப்பை மறக்காத ஆக்கள் இருக்கினம், நம்பும். இப்ப இருக்கிற கிணறுகளில இதே கேள்வியையும் கேட்டு, தண்ணியையும் லாப்பில அளந்து பாத்தீர் எண்டா அவையின்ர நாக்கை எவ்வளவு நம்பலாம் எண்டு உமக்கே ஒரு கணக்கு வரும்.

ஆனா புளோரைட்டுக்கு இது சரிவராது. அதுக்கு உருசியும் இல்லை மணமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் லீட்டருக்கு 1.5 மில்லிகிராம் எண்டு எல்லை வச்சிருக்கு, அதுக்கு மேல போனாலும் குடிக்கிறவைக்குத் தெரியாது. ஆனா பல்லு சொல்லும். பல்லில கபில நிற வரி, வெள்ளைப் புள்ளி இருந்தா அது பல்லு வளருற சின்ன வயசில, கிட்டத்தட்ட எட்டு வயசுக்குள்ள, குடிச்ச தண்ணியின்ர அடையாளம். பெரிய ஆளான பிறகு எவ்வளவு குடிச்சாலும் பல்லில அப்பிடி வராது. ஆக்களைச் சிரிக்கச் சொல்லிப் பாரும், எந்த ஊரில வளந்தது எண்டு பாதி தெரிஞ்சிடும். இப்ப குடிக்கிறதுக்கு அது சாட்சி இல்லை எண்டதை மறந்திடாதையும்.

இன்னும் ஒண்டு. வயல்காரன் பகல் முழுக்க குடிக்கிறது வீட்டுக் கிணறே? வயல் கரையில ஒரு கிணறு இருக்கும், வாய்க்கால் இருக்கும், போத்தல் முடிஞ்சா அதுதான். நீர் வீட்டில போய்த் தண்ணி எடுத்தா மனிசி குடிக்கிறதை அளந்து புருசன்ர வருத்தத்தோட பொருத்துறீர். மாசியில மழை விட்ட கையோட எடுக்கிற தண்ணியும் ஆவணியில கிணறு அடி தெரியேக்க எடுக்கிற தண்ணியும் ஒண்டில்லை, அதையும் பாரும்.


மாங்குளம்சந்தி:

அந்த அம்மம்மாவைக் கொண்டுபோய் வைவாவில இருத்துங்கோ, மிச்சம் அவ பாப்பா 😄


சராசரிமனிசன்:

பீஎச்ஐ ஐயா சொன்னதுதான் முக்கால்வாசி வேலை. மிச்சக் காலை நான் சொல்லுறன், கொஞ்சம் நீளும்.

முதல் ஆர்ஓ. கனகராயன், நீர் கேட்டது இப்ப என்ன தண்ணி எண்டு. வருத்தம் வந்ததும் டொக்டர் சொல்லுற முதல் விசயம் கிணத்துத் தண்ணியை விடுங்கோ எண்டு. அப்ப வருத்தக்காரர் எல்லாம் ஆர்ஓவுக்கு மாறியிட்டினம், சுகமா இருக்கிறவை கிணத்திலயே நிக்கினம். உம்மட மொடல் அதைத்தான் பாத்துச் சொல்லுது. கிளினிக் கொப்பி வச்சிருக்கிற ஆக்கள் கொப்பி இல்லாத ஆக்களை விடக் கூடச் சாகினம், அதுக்காகக் கொப்பியை எரிச்சுப்போட்டா காணுமோ? பிரட்ஃபோர்ட் ஹில் 1965ல ஒரு தொடர்பு காரணமா இல்லையா எண்டு யோசிக்க ஒம்பது விசயம் சொன்னவர், அதில எட்டில முன்னப்பின்ன இருக்கலாம், ஒண்டில மட்டும் விட்டுக்குடுக்க ஏலாது, காரணம் முதல் வரோணும் வருத்தம் பிறகு வரோணும். ஐயா சொன்ன கடுதாசிக் கோட்டில வருத்தம் கண்டுபிடிச்ச நாளையும் குறியும், அதுக்குப் பிறகு குடிச்ச தண்ணியைக் கணக்கில எடுக்காதையும். கண்டுபிடிக்க முதலே கனகாலம் உள்ளுக்க இருந்திருக்கும் எண்டபடியா அதுக்கு முந்தின சில வருசத்தையும் வெட்டிப் பாக்கலாம்.

கிணறு ஏன் தட்டையா வந்தது எண்டதுக்கு ஒரு கணக்குக் காட்டுறன், கற்பனைக் கணக்கு, எங்கயும் எடுத்து எழுதிப்போடாதையும். வருத்தக்காரர் 100 பேரில 60 பேர் கடினத் தண்ணி, சுகமான 100 பேரில 30 பேர் கடினத் தண்ணி எண்டு வையும். 60/40ஐ 30/70ஆல வகுத்தா ஒட்ஸ் ரேஷியோ 3.5. இப்ப ரண்டு பக்கத்திலயும் அஞ்சில ஒரு ஆள் ஞாபகப் பிசகால மாறிச் சொல்லுறார். 60 எண்டது 56 ஆகும், 30 எண்டது 38 ஆகும். திரும்பப் போட்டுப் பாரும், 2.1 கூட வராது. ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, ஒருத்தரும் ஒரு பக்கம் சாயேல்லை, ஆனாலும் பாதி கரைஞ்சு போச்சு. நீர் முக்கால்வாசி ஆக்களை "வேறு" எண்ட பெட்டிக்குள்ள தள்ளினதுக்குப் பிறகு அங்க என்ன மிஞ்சும்? தண்ணியில பிழை இல்லை எண்டு உம்மட முடிவு சொல்லேல்லை, நீர் தண்ணியை அளக்கவே இல்லை எண்டுதான் சொல்லுது.

"மூண்டு மடங்கு" எழுதாதையும். ஒட்ஸ் வேற (வந்தவையை வராதவையால வகுக்கிறது), ரிஸ்க் வேற (வந்தவையை மொத்த ஆக்களால வகுக்கிறது). 100 பேரில 60 பேருக்கு வருத்தம், மற்ற 100 பேரில 30 பேருக்கு வருத்தம் எண்டா சாதாரண மனிசன் கண்ணுக்கு ரண்டு மடங்கு, ஒட்ஸ் ரேஷியோ 3.5. அதே இது ஆயிரத்தில 6, ஆயிரத்தில 3 எண்டு அருமையா வாற வருத்தமா இருந்தா ரண்டும் கிட்டத்தட்ட 2லயே நிக்கும். வருத்தம் அருமையா இருந்தா ஒண்டை மற்றதா வாசிக்கலாம் எண்டு கோர்ன்ஃபீல்ட் 1951ல காட்டினவர், சனம் அந்த நிபந்தனையை விட்டிட்டு மிச்சத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு திரியுது. நீர் கிளினிக்கில தேடி எடுத்த வருத்தக்காரரோட செய்யிறீர், ஊரில ஆயிரத்துக்கு எத்தனை எண்டு உம்மட டேட்டாவில இருந்து சொல்லவே ஏலாது, "ஒட்ஸ்" எண்டே எழுதும்.

கொன்ட்ரோல், அதான் ஒப்பிட எடுத்த அந்த வருத்தமில்லாத ஆக்கள், எங்க எடுத்தனீர்? அதே ஆஸ்பத்திரியில வேற வருத்தத்துக்கு வந்தவையா? அப்பிடியெண்டா பேர்க்சன் 1946ல சொன்ன குழிக்குள்ள விழுந்திட்டீர். ஆஸ்பத்திரிக்கு வாறதே ஒரு வடிகட்டு, அதுக்குள்ள ஊரில இல்லாத தொடர்பெல்லாம் முளைக்கும். ஊருக்குள்ள போய் எடும்.

பிறகு எல்லாத்தையும் ஒரே மொடலுக்குள்ள அள்ளிப் போட்டு ஒவ்வொண்டுக்கும் ரேஷியோ வாசிக்கிற பழக்கம். வெயிலில வேலை செய்யிறது உடம்பில தண்ணி வத்திறதால கிட்னியைத் தாக்குது எண்டு ஒரு கருத்து இருக்கு, நிக்கரகுவாவில கரும்பு வெட்டுற ஆக்களுக்கும் ஆந்திராவில உத்தானம் பக்கமும் இதே மாதிரி வருத்தம் இருக்கிறதால அது பலமாப் பேசப்படுது. இப்ப நீர் வெயில் வேலை மணித்தியாலத்தையும் போட்டு, உடம்புத் தண்ணி வத்தினதையும் பக்கத்தில போட்டா, ரண்டாவது முதலாவதைத் திண்டிடும். பிறகு வெயிலால ஒண்டுமில்லை எண்டு எழுதுவீர். எது எதுக்கு முன்னால வருது எண்டு அம்புக்குறி போட்டு ஒரு படம் கீறும், ஒவ்வொரு கேள்விக்கும் தனி மொடல்.

ரிஸ்க் ஃபாக்டர் எண்ட சொல்லைப் பற்றியும் கேட்டனீர். அமெரிக்காவில ஃபிரேமிங்ஹாம் எண்ட ஊரில 1948ல 30 தொடக்கம் 62 வயசு ஆக்கள் 5209 பேரை எடுத்து வருசக்கணக்கா இருதய வருத்தத்துக்குப் பாத்தவை, அதில இருந்து 1961ல வந்த கட்டுரையோடதான் இந்தச் சொல்லு ஊர் முழுக்கப் பரவினது. அதில இருந்து வந்த புள்ளிக்கணக்கு யாருக்கு அட்டாக் வரும் எண்டு ஊகிக்கிறதுக்கு. ஊகிக்கிறதுக்கு ஆர்ஓ கேன் கூட நல்ல சாமான், வீட்டில கேன் கண்டா வருத்தக்காரர் இருக்கலாம் எண்டு சொல்லலாம். காரணம் தேடுறதுக்கு அது உதவாது. அந்தப் புள்ளிக்கணக்கையே சீனாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தா கூட்டிச் சொன்னது, அந்த ஊரில சராசரியா எத்தனை பேருக்கு வருது எண்ட அடி மட்டத்தைத் திருத்தித்தான் பாவிக்க வேண்டி வந்தது. ஊர் மாறினா கேள்விக்கொத்து மட்டுமில்லை, கணக்கும் மாறும்.


இரத்தமாதிரி:

நான் லாப்பில வேலை. தண்ணியை அளக்கிறதைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீங்கள், வருத்தத்தை எப்பிடி அளந்தனீங்கள் தம்பி? கிரியேட்டினின் (சதையில இருந்து வாற, கிட்னி வடிகட்டோணும் எண்ட ரத்தக் கழிவு) ஒருக்கா எடுத்துப்போட்டு வருத்தக்காரன் எண்டு எழுதினா சரியில்லை. ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்) 60க்குக் கீழ, இல்லாட்டி சலத்தில புரதம் போறது மாதிரிப் பழுதின்ர அடையாளம், 3 மாசத்துக்கு மேல நிண்டாத்தான் நாட்பட்ட வருத்தம் எண்டு சொல்லுறது. சூடு மிதிச்சு முடிச்ச அண்டைக்கு தண்ணி குடிக்காமல் ஒருத்தரைக் கொண்டுவந்து குத்தினா அண்டைக்கு மட்டும் கூடிக் காட்டும், ரண்டு கிழமை விட்டு வந்தா இறங்கியிருக்கும். உடம்பில சதை இல்லாத கிழவருக்கு கிட்னி பழுதானாலும் கிரியேட்டினின் நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். அதோட எல்லா மாதிரியையும் ஒரே லாப்பில ஒரே முறையில செய்யுங்கோ, ஒரு கிராமம் இஞ்ச ஒரு கிராமம் அங்க எண்டு குடுத்திட்டு பிறகு கிராமத்துக்குக் கிராமம் வித்தியாசம் எண்டு எழுதாதையுங்கோ, அது லாப்புக்கு லாப் வித்தியாசமா இருக்கும்.


கடன்கொப்பி:

அந்த ஃபைனான்ஸ் தம்பியின்ர விசயத்துக்கு நான் வாறன். நுண்கடன் குடுக்கிற இடத்தில ஆறு வருசம் வேலை செய்தனான், இடத்தின்ர பேர் வேண்டாம்.

உங்கட ரிஸ்க் ஃபாக்டர் ஒரு ஆளுக்கு உள்ளது, அவர் என்ன குடிச்சார், வயலுக்கு எவ்வளவு மருந்தடிச்சார். பங்குச் சந்தைக்காரர் சொல்லுறது எல்லாரையும் ஒண்டா ஆட்டுற காத்து. சந்தை ஒரு வீதம் அசைஞ்சா இந்தப் பங்கு எவ்வளவு அசையும் எண்டதைத்தான் பீட்டா எண்டுறவை, ஷார்ப் 1964ல அதை வச்சுத்தான் விலைக்கு ஒரு கணக்குச் சொன்னவர், 90களில ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் கம்பனி சின்னனோ பெருசோ, மலிவோ விலையோ எண்டு இன்னும் ரண்டைச் சேர்த்தவை. அங்க முக்கியமான வித்தியாசம் என்னெண்டா அந்த ஆபத்தைச் சுமந்தா கூடக் காசு வரும் எண்டு எதிர்பாக்கிறவை. கடினத் தண்ணியைச் சுமந்தா ஒண்டும் வராது.

ஆனா எங்கட வேலையில ரண்டும் வந்து முட்டினது. ஐஞ்சு பொம்பிளையள் ஒரு குழு, ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்டோணும். நாங்கள் ஒவ்வொரு ஆளாப் பாத்துப் புள்ளி போடுவம், புருசன் குடிக்கிறாரோ, மாடு இருக்கோ, வேற கடன் இருக்கோ. பத்தில ஒரு ஆள் தவறுவா எண்டு வையுங்கோ. ஆளாளுக்குத் தொடர்பில்லை எண்டு நினைச்சுப் பெருக்கினா ஐஞ்சு பேரும் ஒண்டாத் தவறுறது லட்சத்தில ஒருக்கா. பாதுகாப்பு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். 2016ல இருந்து மழை இல்லை. ஒரே குளத்துக்குக் கீழ ஐஞ்சு பேருக்கும் வயல், குளம் வத்தினா ஐஞ்சும் வத்தும். லட்சத்தில ஒருக்கா எண்டது ஒவ்வொரு கிழமையும் நடந்தது. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனா ஒருத்தரும் வரமாட்டினம், படலையில போய் நிக்க நாய் மட்டும் குலைக்கும். ஒரு வீட்டில பிள்ளை வந்து "அம்மா இல்லை" எண்டு சொல்லிச்சுது, உள்ளுக்குள்ள அம்மா இருமுறது கேக்குது. நான் கேக்காத மாதிரித் திரும்பினன். 2018ல வரட்சி மாவட்டப் பொம்பிளையளுக்கு ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனை அரசாங்கம் பொறுப்பெடுக்கிறது எண்டு அறிவிச்சதுக்கு இதெல்லாம்தான் காரணம்.

அந்தப் பிள்ளையின்ர அம்மாவுக்கு நாங்கள் போட்ட புள்ளி நல்ல புள்ளி. ஆளைப் பற்றி எல்லாம் சரியா அளந்தம், வானத்தை அளக்கேல்லை. தம்பி நீங்களும் ஒரே கிராமத்தில 20 வீடு எடுத்தா அது 20 தனித்தனி ஆக்கள் இல்லை, ஒரே கிணறு ஒரே கடை மருந்து. அதுக்கு மொடலில ஏதோ செய்யோணும் எண்டு கேள்விப்பட்டன், சராசரிமனிசன் சொல்லுவார்.


சராசரிமனிசன்:

ஓம் அக்கா, கிராமத்தை ஒரு மட்டமாப் போட்டுப் பல மட்ட மொடல் ஓடோணும். இல்லாட்டி பீ வெலியூ இல்லாத துணிச்சலோட நிக்கும். நான் எழுத மறந்தது இது, நீங்கள் என்னை விட வடிவாச் சொல்லிப்போட்டீங்கள்.


வான்கதவு:

நீர்ப்பாசனக்காரன் ஒருத்தன் எண்டு மச்சானைச் சொன்னீர், அவர் நான் இல்லை, ஆனா அதே சாதி. நாங்கள் ரிஸ்க் எண்டா மூண்டு துண்டாப் பிரிப்பம்: வெள்ளம் எவ்வளவு வரும், அதுக்கு முன்னால யார் இருக்கினம், இருக்கிறவை எவ்வளவு தாங்குவினம். 2018 மார்கழி கிளிநொச்சி வெள்ளத்தில ஒரே உயரத் தண்ணி ரண்டு வீட்டுக்குள்ள வந்தது, கல்வீட்டுக்காரர் கட்டிலுக்கு மேல சாமானை ஏத்தினார், தகரக் கொட்டில்காரருக்கு ஏத்த மேல் எண்டு ஒண்டு இல்லை.

நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற வெள்ளம் எண்டு சொன்னா சனம் 2018ல வந்திட்டுது, இனி 2118 தான் எண்டு இருக்குது. அப்பிடியில்லை, ஒவ்வொரு வருசமும் நூறில ஒண்டு. 30 வருசம் ஒரு வீட்டில இருந்தா ஒருக்காவாவது வாறதுக்கு நூறில 26. அந்த நூறையும் கணக்குப் பண்ண எங்களுக்கு நீளமான மழைப் பதிவு வேணும், வன்னியில சண்டைக் காலத்துப் பதிவில ஓட்டை ஓட்டையா இருக்கு. வாசிக்க ஆள் இல்லாத வருசத்தில மழை பெய்யேல்லை எண்டு அர்த்தமில்லை.


ஒட்டுசுட்டான்காரன்:

எல்லாரும் கெட்டிக்காரர்தான். எங்கட ஐயா கிழமைக்கு ரண்டு தரம் டயலிசிஸ். விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ், திரும்பி வர இருட்டுப்பட்டிடும், வந்தா அடுத்த நாள் முழுக்க எழும்ப மாட்டார். எங்கட வீட்டுக்கு இதுவரைக்கும் நாலு குறூப் வந்து தண்ணி எடுத்தது, ரத்தம் எடுத்தது, நகம் கூட வெட்டி எடுத்தது ஒண்டு. ஒருத்தரும் திரும்பி வந்து உங்கட கிணறு இப்பிடி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. கண்டுபிடிக்காட்டிப் பரவாயில்லை, அளந்த இலக்கத்தையாவது தரலாம்தானே? போன மாசம் வந்த பிள்ளை ஐயாவிட்ட "ஒரு நாளைக்கு எத்தனை லீட்டர் தண்ணி குடிப்பீங்கள்" எண்டு கேட்டிச்சுது. டயலிசிஸ்காரருக்கு தண்ணி அளந்துதான் குடுக்கிறது, அவர் என்னைப் பாத்தார், நான் வெளியில போயிட்டன்.


பழைய பீஎச்ஐ:

தம்பி ஒட்டுசுட்டான், அது பிழைதான். நான் வேலையில இருக்கேக்கயும் போத்தலில தண்ணி எடுத்து அனுப்பிப்போட்டு ரிப்போட் வந்தாலும் கந்தோர் ஃபைலுக்குள்ளயே கிடக்கும், வீட்டுக்காரர் கேட்டாத்தான் பாக்கிறது. கேக்கிற ஆக்கள் குறைவு.

கனகராயன், நீர் அதைச் செய்யும். லாப்பில வாற இலக்கத்தைத் தமிழில ஒரு துண்டில எழுதி, எல்லை எவ்வளவு, உங்கட கிணறு எவ்வளவு எண்டு வீட்டுக்கு வீடு குடும். கடினம் எண்டா என்ன செய்யலாம் எண்டு ரண்டு வரி. பொய்யா ஆறுதலும் சொல்லாதையும், காரணம் இதுதான் எண்டும் சொல்லாதையும்.


கனகராயன்:

எல்லாருக்கும் நன்றி, ஒட்டுசுட்டான் அண்ணைக்கு என்ன எழுதிறது எண்டு தெரியேல்லை, தண்ணி எத்தனை லீட்டர் எண்ட கேள்வி என்ர கொத்திலயும் இருந்தது, வெட்டிப்போட்டன். வருத்தம் கண்டுபிடிக்க முந்தி எவ்வளவு குடிச்சனீங்கள் எண்டு மாத்தி வீட்டில இன்னொரு ஆளிட்டக் கேக்கப்போறன்.

நேற்று நீட்டுக் கடுதாசியோட அதே அம்மம்மாவிட்டத் திரும்பிப் போனன். ஐயா சொன்ன மாதிரி ஊரைக் கேட்டுக்கொண்டு வர ஒண்டும் பிசகேல்லை. ஒட்டுசுட்டான் கிணத்தில பருப்பு நல்லா அவிஞ்சதாம், சொந்த வளவுக் கிணத்தில அவியாதாம், அதால அவ எப்பவும் முதல் நாள் இரவே ஊறப் போடுறவவாம். கேத்தில் எடுத்துக் காட்டினா, உள்ளுக்க சிப்பி மாதிரி ஒட்டிக் கிடக்குது, நகத்தால சுரண்டினா கழருது. "இது மெனிக்பாமால வந்த பிறகு வாங்கினது" எண்டா, அப்ப அந்தப் படலத்துக்கே ஒரு துவக்க நாள் இருக்கு. பல்லும் பாத்தன், முன்பல்லு ரண்டில கபில வரி. சின்னனில இருந்தே அந்த வளவுதானாம்.

எல்லாத் துண்டும் நிரம்பி வந்தது, ஒண்டைத் தவிர. 2009 தை துவங்கி வைகாசி மட்டும். கோட்டில அந்த இடத்துக்கு வந்ததும் அவ பாக்குவெட்டியை எடுத்து வெட்டத் துவங்கியிட்டா. "அதை விடு தம்பி, கிடைச்சதைக் குடிச்சம்" எண்டா. நானும் அங்கால போயிட்டன். இப்ப எக்செலில அந்த ஐஞ்சு மாசத்துக்கு என்ன போடுறது? பூச்சியமா, இல்லாட்டி 99 போடுறதா?


சராசரிமனிசன்:

பூச்சியம் போடாதையும், பூச்சியம் எண்டா கெட்ட தண்ணி குடிக்கேல்லை எண்டு அர்த்தமாயிடும். 99ம் போடாதையும், ஆர் (R) எண்ட புள்ளிவிபர மென்பொருள் அதை 99 மாசம் எண்டு கூட்டிப்போடும். வெறுமையா விடும். பக்கத்துப் பெட்டியில "சொல்ல விரும்பேல்லை" எண்டு தனியா ஒரு நிரல் திறந்து குறியும், மறந்ததும் சொல்லாததும் ஒண்டில்லை, மற்ற வீடுகளிலயும் அதே ஐஞ்சு மாசம்தான் வெறுமையா வரப்போகுது.